நல்ல கண்டிஷன், சீக்கிரம் போங்க

1. முடிச்சூர் பீரோ

அந்த எண்ணிலிருந்து முதல் மெசேஜ் வந்தபோது நான் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். முடிச்சூரில் ஒரு விலாசம், கோதண்டம் என்று ஒரு பெயர், கீழே ஒரு வரி: ‘பழைய காமிக்ஸ். நல்ல கண்டிஷன். சீக்கிரம் போங்க.’

‘யாருங்க நீங்க?’ என்று கேட்டு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் படம் இல்லை.

என் பெயர் ரூபி. சேலையூரில் இருக்கிறேன். குரோம்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் குவாலிட்டி செக்கிங்கில் பாதி ஆயுளைக் கழித்தவள். அச்சான தாளில் ஒரு நிறம் மயிரிழை நகர்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். அச்சகத்தை மூடியபோது என்னிடம் மிஞ்சியது அந்தக் கண் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு பழைய காமிக்ஸ் வாங்கி, கிரேடு போட்டு, விற்கும் தொழிலுக்கு வந்தேன்.

கிரேடு என்பது பத்துக்கு இத்தனை என்று போடும் மார்க். முதுகு நிமிர்ந்திருக்கிறதா, ஸ்டேப்பிள் துருப்பிடித்திருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா, தாள் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கசங்கின ஓரத்தை யாராவது வெட்டிச் சமன் செய்திருப்பார்கள். உதிர்ந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தடவியிருப்பார்கள். அதையும் பிடிக்க வேண்டும். எட்டுக்கு மேல் வந்தால் ஹை கிரேடு. நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. அதில் ஒரு சாணித்தாள் காமிக்ஸ் எட்டைத் தாண்டி நிற்பது அபூர்வம். அப்படி ஒன்று எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மீன்கூடையைப் போட்டுவிட்டு ஓடுவோம்.

பேப்பர் கடைக்காரர்கள், வீடு காலி செய்து கொடுக்கும் வண்டிக்காரர்கள் இப்படி எங்களுக்குத் துப்பு கொடுப்பார்கள். அத்தனை பேரும் கமிஷன் கேட்பார்கள். இந்த எண் கேட்கவில்லை.

கோதண்டம் அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்டிருந்தது. அவரே வந்து கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“எவன் சொன்னான் உனக்கு?”

“ஒரு மெசேஜ் வந்தது சார். நீங்க விக்கப் போறீங்கன்னு…”

“நா எதுக்கு விக்கறேன்? அந்த பீரோல இன்னா கீதுன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாதும்மா. புடவை வெச்சிருக்கேன்னு நெனச்சிகினு கீது.”

திரும்பிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். அவர் அதற்குள் மனம் மாறி, “வந்தது வந்துட்ட. ஒரு தபா பாத்துட்டுப் போ. வெல மட்டும் பேசாத,” என்றார்.

பீரோவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் கிணறு இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. உள்ளே ஒவ்வொரு புத்தகமும் வெள்ளைத்துணியில் சுற்றிக் கிடந்தது, தலைமாட்டில் காய்ந்த வேப்பிலையோடு. ஒன்றைப் பிரித்தேன். என் வயது இருக்கும் அந்த இதழுக்கு. அட்டைச் சிவப்பு நேற்று அடித்த மாதிரி இருந்தது. இதற்குமுன் ஒன்பது போட்டதில்லை நான். அன்றைக்கு மனசுக்குள் ஒன்பதரை போட்டேன்.

கோதண்டம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பீரோ வரைக்கும் நடந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. கிளம்பும்போது, “அந்த மெசேஜ்ல என் பேரு சரியாப் போட்டுகீதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “உம்,” என்றார்.

அந்த மாதக் கடைசியில் அவர் மகன் கூப்பிட்டார். “அப்பா தவறிட்டாருங்க. அவர் துணிய மடிக்க சொல்லோ உங்க கார்டு கெடச்சிது. புக்கு பாக்க வந்த அம்மா நீங்கதானே?”

வயதானவர், மூச்சு வாங்கியது, போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் பாதிச் சரக்கு சாவு வீட்டிலிருந்துதான் வரும்.

2. டீச்சர் பறித்து வைத்தவை

இரண்டாவது மெசேஜ் வண்டலூரில் ஒரு வீட்டைச் சொன்னது. மார்கரெட் டீச்சர். அதே வார்த்தைகள்: ‘நல்ல கண்டிஷன். சீக்கிரம் போங்க.’

ரிட்டயர்டு டீச்சர். தனியாக இருந்தார். பக்கத்து வீட்டில் அக்கா மகன் குடும்பம். கதவைத் திறந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையேம்மா,” என்றார். கோபப்படவில்லை. உள்ளே கூப்பிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளை இழுக்கச் சொன்னார்.

வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் வைத்துப் படித்த பிள்ளைகளிடமிருந்து அவர் பறித்தவை அவ்வளவும். வருஷக்கணக்காகப் பறித்திருக்கிறார். பறித்த அன்றே பெட்டிக்குள் போனதால் பல புத்தகங்களை யாரும் முழுசாகப் படித்ததே இல்லை. முதல் பக்கத்தில் மட்டும் பென்சிலால் பெயர் இருக்கும். பெயர் இருந்தால் கிரேடில் குறைக்க வேண்டும். மற்றபடி புத்தம்புதுசு.

“வருஷக் கடைசியில வந்து கேட்டா குடுத்துடலாம்னுதான் வெச்சேன். ஒருத்தனும் வரல,” என்றார். “இந்த செல்வராஜ் இருக்கானே, அவன் அடுத்த வருஷமே ஏரியில போயிட்டான். அவன் புக்கை மட்டும் நான் எடுத்துப் படிச்சேன். பாதியில விட்டிருந்தான் பாவம், மீதியை யாராவது படிக்க வேணாமா?”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. என் கையில் இருந்த புத்தகம் நழுவப் பார்த்தது.

“சிங்கம்தாம்மா. ஜூவுல இருந்து,” என்றார் டீச்சர். “சாயங்காலம் ஆனா கத்தும். புதுசா வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் பயப்படுவாங்க.” அப்புறம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உன்னை யார் அனுப்பினாலும் சரி. எனக்கப்புறம் இதை எடைக்குப் போடாம பாத்துக்க,” என்றார்.

“அதெல்லாம் எதுக்கு டீச்சர் இப்போ…”

“சொல்லி வெச்சேன்.”

ஒரு மழைநாளில் அவர் அக்கா மகன் போன் செய்தார். அவர் பெயரைச் சொன்ன உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. அடக்கத்துக்குப் போனேன். பெட்டிகள் இரண்டும் எனக்கு என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாங்கி வந்து வீட்டில் வைத்தேன். ரொம்ப நாள் திறக்கவில்லை.

3. எமனோட நம்பரு

பெருங்களத்தூரில் தயாளன் என்று பேப்பர் கடை வைத்திருப்பவர் எனக்குக் கூட்டாளி. எடைக்கு வரும் மூட்டையில் காமிக்ஸ் அகப்பட்டால் பிரித்து எனக்கு எடுத்து வைப்பார். நடந்ததை அவரிடம் சொன்னேன்.

“ரெண்டு பேரும் வயசானவங்கதானேக்கா. அதுக்கு இன்னா இப்போ?” என்றார். சொல்லிவிட்டு என் போனை வாங்கி அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். கூப்பிட்டும் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது மெசேஜ் வந்தபோது எனக்குத் தைரியம் வந்தது. ஏனென்றால் அந்தப் பெயர் எனக்குத் தெரிந்த பெயர். மாடம்பாக்கத்தில் இருக்கும் பிரதீப். ஐ.டி. வேலை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஏலம் வந்தால் நள்ளிரவு வரை விழித்திருந்து கேட்கும் ஆள். இவர் விற்க மாட்டார், சாகவும் மாட்டார். துப்புக்காரன் இந்தத் தடவை ஏமாந்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பிரதீப் கதவைத் திறந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். “நான் விக்கறேனா? மேடம், நான் இப்பதான் கலெக்ஷனே ஆரம்பிச்சிருக்கேன்!” அவர் மனைவி காபி கொடுத்தார். பிரதீப் தன் அலமாரியைக் காட்டினார். வரிசை எண் விடாமல் அடுக்கியிருந்தார். எந்த எண் இன்னும் கிடைக்கவில்லையோ அந்த இடத்தில் அதே தடிமனில் ஒரு வெள்ளை அட்டையைச் சொருகியிருந்தார். வெளியே வரும்போது லிஃப்ட் வரைக்கும் வந்தார். தொப்பி போட்டிருந்தார். வீட்டுக்குள் எதற்குத் தொப்பி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் பிரதீப் போய்விட்டார்.

அவர் போனிலிருந்து அவர் மனைவி குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். அழுகையும் பேச்சும் கலந்து வந்தது. “ரூபி மேடம், உங்களுக்கு யார் சொன்னாங்க அவர் விக்கறார்னு? எதுக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்க? நல்லாத்தானே இருந்தார்…”

குரூப்பில் நூற்றுக்கணக்கானவர்கள் அதைக் கேட்டார்கள். முடிச்சூர், வண்டலூர் சமாச்சாரங்களைத் தெரிந்தவர்கள் அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். யாரும் என் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. ஆனால் பம்மலில் ஒருவர் வரச் சொல்லிவிட்டு, நான் தெருமுனைக்குப் போனதும், “வேணாம் மேடம், ஊருக்குக் கிளம்பறோம்,” என்றார். அவர் வீட்டு டிவி சத்தம் போனில் கேட்டது. இன்னொருவர் புத்தகங்களைக் கூரியரில் அனுப்பினார். கூப்பிடு தூரத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருப்பவர். கதவைத் திறக்கும் பெண்கள் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் உள்ளே திரும்பி யாரையோ தேடுவார்கள். அது எனக்குப் பழகிப்போனது.

தயாளன் ஒரு நாள் கடை வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார். “அக்கா, தப்பா நெனச்சிக்காத. அது எமனோட நம்பரு. பிளாக் பண்ணிடு.”

“பண்ணிட்டா யாரும் சாக மாட்டாங்களா தயாளன்?”

“சாவட்டும். நீ போய் முன்னாடி நிக்காத.”

பிளாக் பட்டனில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. அடுத்த பெயர் எதுவென்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது, தெரிந்துகொள்வதைவிடப் பயமாக இருந்தது.

4. சாவி

பொங்கலுக்கு முந்தின நாள் நான்காவது மெசேஜ் வந்தது. பீர்க்கன்கரணை. ஏரிக்கரைத் தெரு. வரதன்.

வரதன் சார் எனக்குப் போட்டி வியாபாரி. ஏர்ஃபோர்ஸ் ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை, மகள் போரூரில். நான் எட்டரை போட்ட புத்தகத்துக்கு அவர் ஏழு போடுவார். “உன் கண்ணு பிரஸ் கண்ணு. அச்சைப் பாக்குது, பேப்பரைப் பாக்க மாட்டேங்குது,” என்பார். வாரம் ஒரு தடவையாவது போனில் சண்டை போட்டுவிடுவோம். அப்படி ஒரு சண்டைக்கு நடுவே மெசேஜ் விஷயத்தையும் சொல்லியிருந்தேன். குரூப்பில் எல்லாரும் என்னைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருந்தபோது, ‘மூடத்தனம்’ என்று ஒரே வார்த்தை எழுதியவர் அவர்தான்.

மெசேஜை இரண்டு தடவை படித்தேன். அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரயில்வேக்காரர், அதிகம் பேச மாட்டார். “போகாட்டி உன்னால தூங்க முடியுமா?” என்று மட்டும் கேட்டார்.

பட்டப்பகல். ஏரியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் கரும்பு விற்றுக்கொண்டு போனார்கள். வரதன் சார் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட் பூட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எப்போதும் கிண்டலாக ஏதாவது சொல்பவர், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

“போன் எடுக்கலையே சார்.”

“எடுக்கல.” குரல் மெல்லிசாக இருந்தது. “எதுக்கு வந்த?”

“சும்மா பாக்கலாம்னு…”

“மெசேஜ் வந்துச்சா?”

பொய் சொல்ல முடியவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“வந்துச்சா இல்லையா சொல்லு ரூபி.”

“வந்தது சார்.”

அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்ததை நான் பார்த்தேன். “உள்ள வராத,” என்றார். “தயவுசெஞ்சு போயிடு.”

மூடத்தனம் என்று எழுதிய மனுஷன். என்னைப் பார்க்காமல் என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வந்த வழியே போய்விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்போது அவர் உள்ளே போவதற்காக நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்தார். முழங்கால் நிற்கவில்லை. மறுபடி உட்கார்ந்தார். இன்னொரு தடவை முயன்றார். முடியவில்லை.

“காலுக்கு என்ன சார்?”

“காலையிலேர்ந்து துணி மாதிரி இருக்கு. நேத்து கொஞ்சம் தேவலை.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“பிளட் டெஸ்ட் எடுத்தாச்சு. ரிப்போர்ட் வந்து கெடக்கு. பொண்ணு பொங்கலுக்கு வரா, வந்து பாக்கட்டும்.”

“அதைப் பிரிக்கலையா நீங்க?”

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. உள்ளே சாவி குலுங்கியது.

“சாவியைப் போடுங்க சார்.”

“வேணாம் ரூபி.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கேட்டைப் பிடித்து உலுக்கினேன். “சார், நான் நெஜமாவே எமனா இருந்தா இந்தப் பூட்டு என்னை நிறுத்துமா? சாவிக்காக வாசல்ல நின்னு கெஞ்சிட்டிருப்பேனா?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதடு கோணி, ஒரு சிரிப்பு வந்தது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து வீசினார். கை அவ்வளவு பலவீனமாக இருந்ததால் அது பாதி வழியில் விழுந்தது. கரும்பு விற்றவரிடம் ஒரு கழி வாங்கி, கேட்டுக்கு அடியில் விட்டு இழுத்து எடுத்தேன்.

ரிப்போர்ட் கவர் ஹாலில் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இதே நீலக்கோடு போட்ட கவரை நான் பார்த்திருக்கிறேன். டீச்சர் வீட்டில் பைபிளுக்கு அடியில். பிரதீப் வீட்டில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல். கோதண்டம் வீட்டில் அது இருந்ததா என்று ஞாபகம் வரவில்லை. இருந்திருக்கும்.

உள்ளே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. பொட்டாசியம். எங்கள் குடும்ப டாக்டருக்குப் போன் போட்டுப் படித்தேன். “இன்னொரு தடவை படிங்க,” என்றார். படித்தேன். “உடனே எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்க. என்ன வண்டி கெடைக்குதோ அதுல ஏத்துங்க. ஹார்ட் நின்னுடும்,” என்றார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பெருங்களத்தூரில் ஊருக்குப் போகும் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது, தாமதமாகும் என்றார்கள். தயாளனைக் கூப்பிட்டேன். கேள்வி எதுவும் கேட்காமல் பேப்பர் ஏற்றும் குட்டி யானை வண்டியை எடுத்துக்கொண்டு சந்துபொந்தாக வந்து சேர்ந்தார். வரதன் சாரை முன்சீட்டில் ஏற்றினோம். நான் பின்னால் பேப்பர்க் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவர் தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். தலை ஆடினால் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் மொத்த சென்னையும் தெற்கே போய்க்கொண்டிருந்தது. தயாளன் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தவர் பேசாமல் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார். ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். மகள் வந்து சேர்ந்தபோது வரதன் சார் கண்ணைத் திறந்து என்னைத் தேடி, “கவரைக் கிழிச்சா எடுத்த? ஓரமா வெட்டியிருக்கலாம்ல?” என்றார்.

5. ஐஸ் பெட்டி

மறுநாள் அவரிடம் கேட்டேன். உங்கள் புத்தக அறைக்குள் யாரெல்லாம் வருவார்கள்?

“ஒருத்தரையும் விட மாட்டேன். ரத்தம் எடுக்க வர்றவர் மட்டும் அங்க உக்காந்து எடுப்பார். பாஸ்கர்னு ஒருத்தர். நல்ல மனுஷன்.”

அந்த எண்ணுக்கு எழுதினேன். ‘வரதன் சார் பிழைச்சிட்டார்.’ முதல்முறையாகப் பதில் வந்தது. ‘தேங்க்ஸ் அக்கா.’ கூப்பிட்டேன். எடுத்தார்.

தாம்பரம் மேற்கில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். நாற்பதைத் தொடும் வயது. ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். காலடியில் ரத்த சாம்பிள் டியூப்கள் வைக்கும் ஐஸ் பெட்டி. ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது, வயதானவர்களுக்கு ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுதான் வேலை.

“ஊசி குத்தும்போது எல்லாரும் மூஞ்சைத் திருப்பிக்குவாங்க அக்கா. நான் பேச்சுக் குடுப்பேன். புக்கு வெச்சிருக்கவங்க அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாங்க. கதையே சொல்வாங்க. கோதண்டம் ஐயா பீரோவைத் தொறந்தே காட்டினாரு. வலி தெரியாது அவங்களுக்கு.”

அதற்கும் முன்பு இரும்புலியூரில் ஒரு பெரியவர் இருந்திருக்கிறார். வாராவாரம் ரத்தம் எடுக்கும்போது ஒரு காமிக்ஸ் கதை சொல்வார். அவர் இறந்த பிறகு பாஸ்கர் அந்தத் தெரு வழியாகப் போயிருக்கிறார்.

“வாசல்ல தராசு வெச்சி எடை போட்டுட்டிருந்தாங்க. அவர் எனக்குச் சொன்ன கதை அத்தனையும் கட்டுக் கட்டா தராசுல ஏறுது. பைக்கை நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன். அதுக்கப்புறம் வரதன் சார் வீட்டுல புக்கு கவருக்குப் பின்னாடி உங்க ஸ்டிக்கர் பாத்தேன். நம்பர் இருந்தது.”

“ரிசல்ட் உங்களுக்குத் தெரியும். அதை அவங்ககிட்ட சொல்லாம எனக்கு மெசேஜ் அனுப்பினீங்களா?”

“நாங்க வாயைத் தொறக்கக் கூடாது அக்கா. ‘எப்படி இருக்கு தம்பி?’ன்னு கேப்பாங்க. ‘டாக்டர் சொல்வார் சார்’னு சிரிச்சிட்டு வரணும். அந்த மூணு பேரையும் டாக்டர் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. மூணு பேருக்குமே முடிவு தெரியும். பிரதீப் சார் வீட்டுல சொல்லல, மொட்டையைக்கூட வேண்டுதல்னு சொல்லி வெச்சிருந்தார், அவ்வளவுதான். நீங்க போனாலும் போகாட்டியும் அது…” நிறுத்திக்கொண்டார். “அவங்க புக்கு தராசுக்குப் போகக் கூடாதுன்னு அனுப்பினேன்.”

“வரதன் சாருக்கு?”

“அவர் விஷயம் யாருக்குமே தெரியாது. லேப்ல இருந்து போன் பண்ணிட்டே இருந்தாங்க, தெரியாத நம்பர்னு எடுக்கல. கவரைக் குடுக்கும்போது ‘இப்பவே பிரிங்க சார்’னு சொன்னேன். சரின்னு வாங்கி மேல வெச்சிட்டார். அவருக்கு மட்டும் ஆளுக்காக அனுப்பினேன் அக்கா.”

“புக்குக்காக அனுப்பினதுக்கும் ஆளுக்காக அனுப்பினதுக்கும் ஒரே மெசேஜா?”

பாஸ்கர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேற எப்படி எழுதறதுன்னு தெரியல.”

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. “ஊரே என்னைச் சாவுன்னு சொல்லுது, தெரியுமா உங்களுக்கு?” என்றேன்.

“தெரியாது அக்கா. இனிமே அனுப்பல.”

எழுந்துகொண்டே நான் சொன்னேன். “ஆளுக்காகன்னா அனுப்புங்க. புக்கைப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க.”

6. கதவு

பிரதீப் தன் வீட்டாரிடம் மறைத்ததை நான் குரூப்பில் உடைக்க முடியாது. பாஸ்கரையும் காட்டிக்கொடுக்க முடியாது. அதனால் என் பெயருக்கு ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. இப்போது பாஸ்கர் அந்த வேலையில் இல்லை. அவர் பெயரையும் வேறு சில பெயர்களையும் மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் கிரேடிங்கை எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரிப் பக்கம் திரும்பாதீர்கள். கதவைத் திறந்த மனுஷரைப் பாருங்கள். அவருக்கு எதிரே உட்காருங்கள். மூச்சு வாங்குகிறதா, காலில் வீக்கமா, சாப்பிட்டாரா, துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். புத்தகம் எங்கேயும் போகாது. முடிச்சூரிலும் மாடம்பாக்கத்திலும் நான் ஸ்டேப்பிளில் துரு தேடிக்கொண்டிருந்தேன்.

பாஸ்கர் வேலையை விடுவதற்கு முன் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினார். பெருங்களத்தூரில் புதிதாக வந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பதினோராவது மாடி. பெயர் கவிதா. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

லிஃப்டில் போகும்போது என்ன பேசுவது என்று யோசித்தேன். ஒன்றும் அமையவில்லை. பெல் அடித்தேன். முப்பத்தைந்து வயதுப் பெண் திறந்தார். ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரம், தலை ஈரம், தோளில் பை. பின்னால் சுவர் நிறையக் காமிக்ஸ் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“யாருங்க…” என்று ஆரம்பித்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். குரூப்பில் இருப்பவர். “நீங்க ரூபி மேடம்தானே?” என்றபோது குரல் இறங்கிவிட்டது. கை கதவை இறுகப் பிடித்துக்கொண்டது.

“புக்கு பாக்க வரலம்மா,” என்றேன். “பிளட் டெஸ்ட் எடுத்தீங்கல்ல, ரிப்போர்ட்டைத் தொறந்து பாத்தீங்களா?”

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கதவை மூடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தோள்பையை மெல்ல இறக்கிக் கீழே வைத்தார். போனைத் திறந்து, என்னிடம் நீட்டினார்.

“நாலு நாளாச்சு வந்து,” என்றார். “தொறக்கத் தைரியம் வரல. நீங்க உள்ள வந்து உக்காந்து படிங்க மேடம். நான் கேக்கறேன்.”